அடியின் வயது

என் மேஜைமீது ஒரு கறுத்த கண்ணாடிக் கட்டி கிடக்கிறது. பள்ளியில் கஞ்சமலைக்குக் கூட்டிப்போனபோது அடிவாரத்தில் பொறுக்கி, அயோத்தியாப்பட்டணத்து வீட்டுக்குக் கொண்டுவந்தான் என் மகன். அப்போது அவனுக்குப் பத்து வயது. வானத்திலிருந்து விழுந்தது என்றான். விழுந்ததைப் பார்த்ததாகவும் சொன்னான். அது இரும்புக் கிட்டம். அந்த மலையின் தாதுவை ஒரு காலத்தில் உருக்கியவர்கள் கொட்டிப்போன கசடு. பொய்க்காக ஓர் அறை விட்டேன்.

கிட்டம் என்று நான் சொன்னது சரி. இத்தனை வருஷமாக அந்தச் சரிதான் என் சௌகரியம்.

வானம் அடித்து உண்டான கண்ணாடி மகாராஷ்டிரத்து லோணாரில் இருக்கிறது. எரிமலைப் பாறையில் சுமார் 1.8 கிலோமீட்டர் அகலப் பள்ளம், நடுவில் உப்பு ஏரி. 1823-ல் அலெக்ஸாண்டர் என்ற ஆங்கில அதிகாரி அதைக் குறித்துவைத்தார். எரிமலை வாய் என்றே நெடுங்காலம் பலரும் எண்ணினார்கள். விண்கல் மோதியதால் வந்த பள்ளம் என்பதை 1973-ல் வெளியான ஆய்வு நிலைநாட்டியது. அதற்குச் சாட்சியான பொருள்களில் ஒன்று மாஸ்கெலினைட். ஃபெல்ஸ்பார் படிகம் உருகி ஓடாமலே, மோதலின் அதிர்ச்சியில் கண்ணாடியாகிவிடுகிறது. வெளியே பழைய வடிவம் அப்படியே இருக்கும். உள்ளே அணுக்களின் ஒழுங்கு மட்டும் போயிருக்கும். மோதிய கல்லில் ஒரு துண்டுகூட அகப்படவில்லை. அடிபட்டதை வைத்துத்தான் அடியை ஊகிக்கிறோம்.

அடித்தது காணாமல் போய்விடுகிற இந்த இடம் எனக்கு வெகுவாகப் பிடித்திருந்தது. அதனாலேயே சந்தேகமும் வந்தது. அன்று அடித்த நான் இன்று இல்லை என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் க்ஷணிகவாதம் பேசிய பௌத்தர்கள்கூட வினையை விட்டுவிடவில்லை. மேலும், விண்கல்லுக்கு வேறு வழியில்லை. கையை ஓங்கிய பிறகும் எனக்கு ஒரு கணம் இருந்தது.

லோணாரின் வயதை வெப்ப ஒளிர்வு முறையில் சுமார் 52,000 வருஷம் என்று கணித்தார்கள். 2011-ல் கண்ணாடித் துண்டுகளின் ஆர்கானை அளந்தவர்கள் சுமார் 5,70,000 என்றார்கள். ஒரே மோதல்தான்.

போன மாதம் மகன் வந்திருந்தான். "எப்பவோ நடந்தது" என்றேன்.

"எனக்கு அப்படி இல்லப்பா. பாத்தேன்னு சொன்னது பொய்தான். வெறுங்கல்லுன்னா நீங்க வாங்கிக்க மாட்டீங்கன்னு நெனச்சேன்."

கட்டியை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்தான். அப்போதும் எனக்கு ஒரு கணம் இருந்தது. காபி ஆறிவிட்டது என்று எழுந்து உள்ளே போனேன்.