ஐம்பது பாகம் ஆழமும் ஒரு கைக்கடிகாரமும்

அயல்நாட்டில் பொருளீட்டும் நம் மருமகன் ஒருவர், சென்ற விடுமுறையில் ஓர் ஐயத்துடன் நம்மை நாடி வந்தார். ஏழாண்டு உழைப்பில் கடன் அடைத்து, தங்கையின் திருமணத்தை நிறைவேற்றி, வீட்டுக்கு மாடியும் எழுப்பிய பின், எஞ்சிய தொகையில் தமக்கென்று ஒரு கைக்கடிகாரம் வாங்க விழைந்தார். ஆழ்கடலில் மூழ்குவோருக்கெனச் சுவிட்சர்லாந்தில் செய்யப்படும் உயர்விலைக் கடிகாரம் அது. தங்கம் ஆண்களுக்கு ஆகாதென்பதால் எஃகுக் கடிகாரமே அவர் நாட்டம். "மாமா, ரோலெக்ஸ் சப்மரைனர், ஒமேகா சீமாஸ்டர், பிளாங்பேன் ஃபிஃப்டி ஃபாதம்ஸ், இம்மூன்றில் எதை வாங்கட்டும்?" என்று கேட்டவர், சற்று நேரம் வாளாவிருந்து, "உம்மாவுக்கு இன்னும் விலையைச் சொல்லவில்லை" என்றார்.

முதற் கேள்விக்கு விடையிறுத்தல் எளிது. கேள்வியாகக் கேட்கப்படாத அந்த இரண்டாவது வாக்கியமே நம்மை உறங்கவிடாமல் செய்தது.

இக்கடிகாரங்கள் ஆடம்பரத்துக்காகப் பிறந்தவையல்ல. 1943-இல் பிரான்சில் கூஸ்தோ, காக்னான் என்னும் இருவர் முதுகில் சுமந்து செல்லும் காற்றுக் கலக் கருவியை உருவாக்கினர். அதன் பின்னரே மனிதன் கடலடியில் நெடுநேரம் உலவ வல்லவனானான். ஆயினும் கலத்திலுள்ள காற்று அளவுக்குட்பட்டது. ஆழத்தில் அதிகநேரம் தங்கியவர் விரைந்து மேலெழுவாராயின், குருதியில் கரைந்த நைட்ரஜன் குமிழிகளாகி உடலை முடக்கும்; உயிரையும் பறிக்கும். மூழ்கி எத்தனை நிமிடமாயிற்று என்பதை அறிவது, ஆதலால், உயிரைக் காக்கும் அறிவாயிற்று. பிளாங்பேன் நிறுவனத்தின் தலைவராயிருந்த ஃபியெக்டர் தாமே கடலில் மூழ்கும் பழக்கமுடையவர். தென் பிரான்சுக் கடலில் காற்றுத் தீர்ந்துபோய் உயிர் தப்பியவர். பிரெஞ்சுக் கடற்படையின் மூழ்கு வீரர்களும் தகுந்த கடிகாரமொன்றைத் தேடிக்கொண்டிருந்தனர். இவ்விரு தேவைகளும் சந்தித்த இடத்தில் 1953-இல் தோன்றியதே ஃபிஃப்டி ஃபாதம்ஸ். ஃபாதம் என்பது நம் கடலோரத்தார் வழங்கும் 'பாகம்' அன்றி வேறன்று. ஐம்பது பாகம் ஏறத்தாழ 91 மீட்டர். சப்மரைனரும் அதே காலத்தில் பிறந்ததே.

கீழக்கரைக் கடலில் சங்கும் முத்தும் குளித்த நம் முன்னோருக்கு இத்தகைய கருவி ஏதுமில்லை. மூச்சை அடக்கிக் கல்லின் கனத்தோடு இறங்கினர். படகில் கயிற்றைப் பற்றி நின்றவரே அவர்தம் கடிகாரம். கயிறு அசைந்தால் இழுக்க வேண்டும். அசையாவிடினும் எப்போது இழுப்பதென்று அவர் அறிந்திருக்க வேண்டும். அந்தக் கயிறு பிடித்தவரின் கவனத்தைத்தான் பின்னாளில் எஃகிலும் கண்ணாடியிலும் வடித்தார்கள் என்று நமக்குத் தோன்றுவதுண்டு.

கடிகார முகப்பைச் சுற்றியுள்ள வளையத்தைக் காணுங்கள். மூழ்குமுன் அதன் குறியை நிமிட முள்ளுக்கு நேராகத் திருப்பி வைத்தால், கழிந்த நிமிடங்களை அது காட்டும். இக்காலக் கடிகாரங்களில் இவ்வளையம் இடப்புறமாக மட்டுமே சுழலும். பாறையில் மோதித் தற்செயலாகத் திரும்பிவிட்டாலும், கழிந்த நேரத்தை அதிகமாகக் காட்டுமேயன்றிக் குறைத்துக் காட்டாது. தவறு நேர்ந்தாலும் அத்தவறு உயிரைக் காக்கும் பக்கமாகவே நேரட்டும் என்று எண்ணிச் செய்த அந்தக் கைவினைஞரை நாம் மனமார மதிக்கிறோம். விலையை நியாயப்படுத்த இது போதாது. ஆனால் இப்பொருள் வெறும் பகட்டன்று என்பதற்கு இது சான்று.

எனினும் தேவை என்னும் வாதம் இன்று நில்லாது. 1980-களிலேயே மூழ்குவோருக்கெனச் சிறு கணிப்பொறிகள் வந்துவிட்டன. ஆழத்தையும் நேரத்தையும் ஒருங்கே கணக்கிட்டு அவை எச்சரிக்கின்றன. நேரந்தவறாமைக்கென்றும் வாங்குவதற்கில்லை. ரோலெக்ஸ் தன் கடிகாரம் நாளொன்றுக்கு இரண்டு வினாடிக்கு மேல் பிசகாது என்கிறது. அது பொறிக் கடிகாரத்துக்குப் பெரும் சாதனையே. ஆனால் ஐந்நூறு ரூபாய்க் குவார்ட்ஸ் கடிகாரம் மாதத்துக்குப் பதினைந்து வினாடி அளவில் அடங்கிவிடும்! இன்னுஞ் சிலர் இதனை முதலீடு என்பர். 2022-இன் தொடக்கத்தில் உச்சியைத் தொட்ட இரண்டாங்கைக் கடிகார விலைகள் அவ்வாண்டிலேயே சரியலாயின. விற்பதற்கென வாங்குபவர் வணிகர். அவர் வணிகம் செய்யட்டும், கையில் கட்டிக்கொண்டு காரணம் தேட வேண்டியதில்லை.

பின் எஞ்சுவது யாது? அழகும், பெயரும்.

இங்கேதான் மருமகன் நம்மைத் திகைக்க வைத்தார். அவருடன் தங்கியிருப்பவர்களுள் ஒருவர் போலிக் கடிகாரம் அணிந்தவராம். "அவர் கட்டியிருப்பது பொய் என்று நான் எள்ளினேன், மாமா. ஆனால் நீந்தவே தெரியாத நான் முந்நூறு மீட்டர் ஆழத்துக்கான கடிகாரத்தை அணிந்தால், அதுவும் ஒரு பொய்தானே?" என்றார்.

உடனே மறுக்க நமக்கு நா எழவில்லை. போலி தன்னைப் பற்றியே பொய் சொல்கிறது. அதனுள்ளே உழைப்பைத் திருடிய குற்றமும் உண்டு. உண்மைக் கடிகாரம் தன்னைப் பற்றிப் பொய் சொல்வதில்லை. அணிந்தவரைப் பற்றி அது என்ன சொல்கிறதென்பது அணிந்தவரின் உள்ளத்தைப் பொறுத்தது. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு விருந்தில் அமர்பவர் ஒன்றைச் சொல்கிறார். கைக்குள் மறைந்திருக்க, தனித்திருக்கையில் அதன் ஓட்டத்தைக் கண்டு மகிழ்பவர் வேறொன்றைச் சொல்கிறார். ஆகவே அவரிடம் கேட்டோம்: முகப்பிலுள்ள பெயரை அழித்துவிட்டுத் தந்தால், இம்மூன்றில் எதை எடுப்பாய்?

அவர் நெடுநேரம் எண்ணினார். "சப்மரைனரை எடுக்க மாட்டேன்" என்றார். அது சப்மரைனரின் குறையன்று. அதன் செய்நேர்த்தியைப் பழிப்பார் இல்லை. எங்கும் அறியப்பட்ட பெயர் என்பதே அதன் சிறப்பும் அதன் சோதனையுமாகும். கடைகளில் பெயர் பதிந்துவிட்டுக் காத்திருக்கவும் நேரிடும். (அந்நிறுவனத்தின் உடைமை, 1945-இல் அதன் தோற்றுநர் வில்ஸ்டார்ஃப் நிறுவிய அறக்கட்டளையிடம் உள்ளதென்பது பலரும் அறியாத செய்தி.) ஃபிஃப்டி ஃபாதம்ஸ் மூத்தது, அறிந்தோர் மட்டுமே அறிவது, ஆனால் விலையில் மற்றிரண்டையும் விஞ்சுவது. சீமாஸ்டரில், ஆங்கிலேயக் கடிகார மேதை ஜார்ஜ் டேனியல்ஸ் கண்டறிந்து 1999-இல் ஒமேகா ஏற்றுக்கொண்ட உராய்வு குறைந்த இயக்கமுறை உண்டு. காந்தப் புலத்தையும் அது தாங்கும். அதிலுள்ள ஹீலியம் வால்வு மட்டும், நாட்கணக்கில் அழுத்த அறையில் வாழும் தொழில்முறை மூழ்குநர்க்கன்றி வேறெவர்க்கும் பயன்படாது. விலை சப்மரைனரைவிடக் குறைவு. நம் மனம் சீமாஸ்டரை நோக்கியே சாய்ந்தது, மறைப்பானேன்?

ஜப்பானின் சீக்கோ 1965 முதல் இவ்வகைக் கடிகாரங்களைச் செய்து வருகிறதென்பதையும், இவற்றின் விலையில் சிறு பங்கே அதற்குப் போதுமென்பதையும் எடுத்துரைத்தோம். முதன்முறை வாங்குவோர் மறக்கும் செய்திகள் இரண்டு. சில ஆண்டுகளுக்கொருமுறை கழற்றிச் சீர்செய்யும் செலவு ஒன்று. நீர் புகாமல் காக்கும் ரப்பர் வளையங்கள் நாளடைவில் தளரும் என்பது மற்றொன்று. முந்நூறு மீட்டர் என்னும் சொல் நிரந்தர உறுதியன்று.

இறுதியாக ஒரு நிபந்தனை விதித்தோம். விலையை உம்மாவிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிடில் வாங்கக் கூடாது. முகம் வாடினார், ஒப்புக்கொண்டார்.

இரு திங்களுக்குப் பின் தொலைபேசியில் அழைத்தார். சீமாஸ்டரை வாங்கும் முன்னரே விலையைச் சொல்லிவிட்டாராம். நம் சகோதரி நெடுநேரம் பேசவில்லையாம். பிறகு, "தண்ணீர் படலாமா அதில்?" என்று கேட்டிருக்கிறார்.

"முந்நூறு மீட்டர் ஆழம் வரை படலாம், உம்மா."

"அப்படியானால் ஒளுச் செய்யும்போது கழற்றிப் பள்ளியில் வைத்துவிட்டு வந்துவிடாதே. கையிலேயே தள்ளிவிட்டு, அடியில் நன்றாகத் தண்ணீர் படும்படி கழுவு."