விற்ற பிறகும் கையில் சாவி

சென்னை ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு ஃபிளாட் வாங்குகிறவரின் கிரயப் பத்திரத்தில், பல தலைமுறையாக மாறாத ஒரு வாசகம் இருக்கும். தானாதி வினியோக விக்கிரயங்களுக்கு யோக்கியமாய், சர்வ சுதந்திரமாய், புத்திர பௌத்திர பாரம்பரியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது என்று பத்திர எழுத்தர் மனப்பாடமாக எழுதிவிடுவார். பதிவு முடிந்த பிறகு அந்த வீட்டைத் தானம் கொடுக்கலாம், விற்கலாம், மகளுக்கு எழுதிவைக்கலாம். விற்றவர் மறுநாள் வந்து கதவில் வேறு பூட்டுப் போட முடியாது.

அதே மனிதர் மெட்ரோவில் வீடு திரும்பும்போது கைப்பேசியில் காசு கட்டி ஒரு திரைப்படத்தை வாங்குகிறார். வாடகைக்கு ஒரு விலை, வாங்குவதற்கு அதைவிடக் கூடுதலாக ஒரு விலை. அவர் கூடுதல் விலையைத்தான் கொடுத்திருக்கிறார். ஆனாலும் அந்தப் படத்தைத் தம்பிக்குக் கொடுக்க வழியில்லை. வேறு கம்பெனியின் செயலியில் ஓட்ட முடியாது. கணக்கு முடங்கினால் படமும் முடங்கும். காரணம், அந்தக் கோப்பு சங்கேதக் குறிகளால் பூட்டப்பட்டது. திறக்கும் சாவியை விற்றவர் தன் சர்வரிலேயே வைத்திருக்கிறார். டி.ஆர்.எம். என்று கணினித் துறையில் இதற்குப் பெயர்.

இது வெறும் தொழில்நுட்பச் சங்கடம் என்று ஒதுக்க முடியாது. ஹாலிவுட் ஸ்டூடியோக்கள் கைகோத்து நடத்திய அல்ட்ராவயலெட் என்ற படப்பெட்டகம் 2019 ஜூலை 31 அன்று மூடப்பட்டது. காசு கொடுத்துப் படம் சேர்த்தவர்கள் வேறு கடைகளோடு கணக்கை இணைத்துக்கொண்டு தப்பிக்கப் பார்க்க வேண்டியிருந்தது. அதே ஆண்டு மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியது. வாங்கியவர்களின் புத்தகங்கள் மறைந்தன, பணம் மட்டும் திரும்பி வந்தது. 2009 ஜூலையில் கிண்டிலில் வாங்கிய ஆர்வெல்லின் நாவல்களை அமேசான் வாசகர்களின் கருவிக்குள் நுழைந்தே அழித்தது, பிறகு மன்னிப்புக் கேட்டது. கலிஃபோர்னியா மாநிலம் 2025 ஜனவரி முதல் ஒரு சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கிறது: பின்னால் பறித்துக்கொள்ளக்கூடிய மின்பொருளை விற்கிறவர், இது உரிமம் மட்டுமே என்று தெளிவாகச் சொல்லாமல் ‘வாங்குங்கள்’ என்று போடக்கூடாது.

அப்படியானால் வாங்குவது என்றால் என்ன?

இந்தக் கேள்வியை இந்தியத் தர்க்கவாதிகள் வெகுகாலம் அலசியிருக்கிறார்கள். இஷ்டப்படி பயன்படுத்தத் தகுந்தது எதுவோ அது ஒருவனுடைய உடைமை என்பது அவர்களிடையே வழங்கிய ஓர் இலக்கணம். வங்காளத்து நவத்வீபத்தின் நையாயிகர் ரகுநாத சிரோமணி இதை ஏற்கவில்லை. அடுத்தவன் சோற்றையும்தான் ஒருவன் எடுத்துச் சாப்பிட முடியும், அதனால் அது அவனுடையதாகுமா என்று கேட்டார். சாஸ்திரம் தடுக்கிறதே என்று பதில் சொன்னால், பிறர் பொருளை எடுக்காதே என்றுதான் சாஸ்திரம் சொல்கிறது. பிறர் பொருள் எது என்று முன்பே தெரியாதவனுக்கு அந்தத் தடை எப்படிப் புரியும்? ஆகவே உடைமை என்பது வேறு எதிலும் கரைக்க முடியாத தனிப் பதார்த்தம் என்று முடிவு கட்டினார். ஏற்பதால் அது பிறக்கிறது, கொடுத்துவிட்டால் அழிகிறது.

டிஜிட்டல் படத்துக்கு இந்த வாதம் அப்படியே பொருந்துகிறது, அதுவும் இரண்டு பக்கமும் வெட்டுகிறது. டெலிகிராமில் இறக்கிய படம் கையில் இருக்கிறது, ஓடுகிறது என்பதால் இறக்கியவனுக்கு உரியதாகிவிடாது. அதே நியாயப்படி, காசு கொடுத்தவனுக்கு உரிய படம், ஓடவிடாமல் பூட்டிவைத்ததால் விற்றவனுக்குத் திரும்பிவிடாது. பூட்டுக்கு முடியும், முடியாது என்ற இரண்டு மட்டுமே தெரியும். தகும், தகாது என்பது அதற்கு எட்டாத விஷயம்.

இந்தியச் சட்டம் பூட்டைவிடக் கொஞ்சம் நிதானமாக யோசித்திருக்கிறது. 2012 திருத்தத்தில் பதிப்புரிமைச் சட்டத்துக்கு வந்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறை என்கிறது. சட்டம் தடுக்காத காரியத்துக்காக உடைத்தால் குற்றமில்லை என்றும் அதே பிரிவு விலக்குத் தருகிறது. பார்வையற்றவருக்கு ஏற்ற வடிவில் ஒரு படைப்பை மாற்றித்தர 52ஆம் பிரிவில் இடம் இருக்கிறது. ஆனால் பார்வையற்ற மாணவருக்காகத் திறக்க முயல்கிறவரும் திருட்டு சி.டி. போடுகிறவரும் பூட்டுக்கு ஒன்றே.

தயாரிப்பாளர் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. வட்டிக்கு வாங்கிப் படம் எடுத்தவர், முதல் நாள் மாலையே அது இணையத்தில் கசிவதைப் பார்க்கும்போது படும் வேதனை நிஜமானது. தியேட்டரில் பூட்டு இருப்பதற்கு அர்த்தமும் இருக்கிறது. மயிலாப்பூரில் இயங்கும் கியூப் போன்ற நிறுவனங்கள் அனுப்பும் படம் ஹார்ட் டிஸ்கிலோ செயற்கைக்கோள் வழியிலோ தியேட்டருக்கு வந்துவிடும், ஆனால் கே.டி.எம். என்ற சாவிக் கோப்பு வராமல் திரையில் ஒரு ஃபிரேம்கூட விழாது. அந்தச் சாவி குறிப்பிட்ட ஒரு சர்வருக்கு மட்டுமே பொருந்தும். இந்தத் தேதி இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை என்று அதற்கு ஆயுள் உண்டு. ஃபைனான்ஸ் தகராறு தீராமல் முதல் காட்சி தள்ளிப்போகிற நாட்களில், கே.டி.எம். இன்னும் வரவில்லை என்ற ஒரு வரிதான் ரசிகர் கூட்டத்துக்குக் கிடைக்கும் பதில். இதில் யாரும் ஏமாற்றப்படவில்லை. தியேட்டர்காரர் படத்தை விலைக்கு வாங்கவில்லை, இத்தனை நாள் ஓட்ட ஒப்பந்தம் போட்டிருக்கிறார். வாடகைப் பொருளுக்குப் பூட்டுப் போடுவது முறைதான். கிரயம் செய்த பொருளுக்குப் போடுவதுதான் முறைகேடு.

வீட்டுக்கே படம் விற்க முயன்றவர்களும் இந்த ஊரில் உண்டு. இயக்குநர் சேரன் சி2ஹெச் என்ற திட்டத்தைத் தொடங்கி, 2015 மார்ச்சில் ‘ஜே.கே. எனும் நண்பனின் வாழ்க்கை’ படத்தைத் தியேட்டருக்கு அனுப்பாமல் நேராக டி.வி.டி.யாக வெளியிட்டார். விலை 50 ரூபாய். திருட்டு டி.வி.டி. விற்பவனோடு விலையிலேயே மோதிப் பார்க்கும் துணிச்சல் அது. திட்டம் நீடிக்கவில்லை. ஆனால் நியாயமான விலையில், கைக்கு எட்டும் தூரத்தில் கிடைத்தால் ஜனங்கள் காசு கொடுத்து வாங்குவார்கள் என்று நம்பி ஒரு தமிழ் இயக்குநர் தன் படத்தையே பணயம் வைத்தார் என்பதை மறந்துவிடக் கூடாது.

டி.வி.டி.க்கும் பூட்டு இருந்தது. 1999இலேயே அது உடைபட்டுவிட்டது. அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் பர்மா பஜாரில் திருட்டு வட்டுகள் தாராளமாகக் கிடைத்தன. சிங்கப்பூரில் முழு விலை கொடுத்து ஒரிஜினல் வட்டு வாங்கிவந்தவர்தான் மண்டலக் குறியீடு பொருந்தவில்லை என்று பிளேயர் மறுக்க விழித்துக்கொண்டு நின்றார். திருடனுக்குத் திறந்திருந்த கதவு வாடிக்கையாளருக்குச் சாத்தியிருந்தது.

திருக்குறளில் கள்ளாமை 29ஆம் அதிகாரம். திருவள்ளுவர் அதைத் துறவறவியலில் வைத்திருக்கிறார். பிறர் பொருளைக் கவர உள்ளத்தால் நினைப்பதையே குற்றத்தில் சேர்க்கிறார். அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் பூட்டு யாரையும் நேர்மையாளனாக்குவதில்லை. எடுக்க முடியாததால் எடுக்காதவனிடம் கள்ளாமை இருக்கிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது, அவனுக்கே தெரியாது. திறந்த கோப்பை விற்கிறவர், வாங்குகிறவர் கையில் படத்தோடு ஒரு பொறுப்பையும் தருகிறார்.

அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர் லூயி சி.கே. 2011 டிசம்பரில் இப்படி ஒரு பரீட்சை செய்தார். தன் மேடை நிகழ்ச்சிப் படத்தைப் பூட்டே இல்லாமல் 5 டாலருக்குத் தன் தளத்தில் விற்றார். திருடுவது சுலபம் என்று தெரியும், தயவுசெய்து வாங்குங்கள் என்று பார்வையாளரிடமே கேட்டுக்கொண்டார். இரண்டு வாரம் முடிவதற்குள் வருமானம் 10 லட்சம் டாலரைத் தாண்டியது. பாட்டுத் துறையிலும் இதுவே நடந்தது. 2009இல் ஆப்பிள் தன் கடையின் பாடல்களை எல்லாம் பூட்டில்லாமல் விற்கத் தீர்மானித்தது, பாட்டு விற்பனை அதனால் நின்றுபோகவில்லை. சினிமாக்காரர்களுக்கு அந்த நம்பிக்கை இன்னும் வரவில்லை.

படியெடுப்பதே பாவம் என்று நினைக்கிற மனநிலையும் புதிதுதான். சமணர்களுக்கு சாத்திர தானம் நால்வகைத் தானங்களில் ஒன்று. 10ஆம் நூற்றாண்டில் கன்னட நாட்டின் அத்திமப்பே, பொன்னன் எழுதிய சாந்திபுராணத்துக்கு ஆயிரம் படிகள் எழுதவைத்து வழங்கினாள் என்பது அவள் புகழுக்கே காரணம். ஓலைச்சுவடி காலத்தில் படி குறைந்தால் நூல் செத்தது. ஃபிலிமுக்கும் அதே கதி: தமிழின் முதல் பேசும் படமான ‘காளிதாஸ்’ (1931) இன்று பார்க்கக் கிடைக்கவில்லை. 2015 டிசம்பரில் அடையாறு கரை மீறி ஈக்காட்டுத்தாங்கலுக்குள் புகுந்தபோது தரைத்தள வீடுகளில் கல்யாண ஆல்பமும் கேசட்டும் சேறாயின. பிரதி எங்கோ ஒரு உறவினர் வீட்டில் இருந்தால்தான் அவை தப்பும்.

இந்த விவாதம் வந்தால் வைணவர்களுக்குத் திருக்கோஷ்டியூர் ஞாபகம் வரும். பதினெட்டு முறை நடந்து, யாருக்கும் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்துப் பெற்ற மந்திரத்தை ராமானுஜர் ஊரறியச் சொன்னார். கோபுரத்தின் மேல் ஏறிச் சொன்னார் என்பது மக்கள் வழக்கு. இதைக் காட்டி எல்லாவற்றையும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம் என்று வாதிடுவது தவறு. வாக்கு மீறினால் வரும் நரகம் தனக்கே வரட்டும் என்று ராமானுஜர் நஷ்டத்தைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். படத்தைக் கசியவிடுகிறவன் நஷ்டத்தைத் தயாரிப்பாளர் தலையில் போடுகிறான். இரண்டையும் ஒன்றாகப் பேசுவது ராமானுஜருக்குச் செய்யும் அநியாயம்.

பொருத்தமான உதாரணம் ஈக்காட்டுத்தாங்கலிலிருந்து மெட்ரோவில் இரண்டு ஸ்டேஷன் தள்ளி, வடபழனியில் இருக்கிறது. பாரதியார் பாடல்களின் இசைத்தட்டு, ஒலிபரப்பு உரிமை அங்குள்ள ஏவி.எம். ஸ்டூடியோவின் அதிபர் ஏவி.மெய்யப்பனிடம் இருந்தது, முறையாக விலை கொடுத்து வாங்கியது. ‘பில்கணன்’ படத்தில் அவற்றில் ஒரு பாடலைச் சேர்த்ததற்காக நாடகக் கலைஞர்களான டி.கே.எஸ். சகோதரர்கள் வழக்கைச் சந்திக்க நேர்ந்தது. பாரதி பாட்டு ஒருவர் சொத்தா என்று தமிழ்நாடே கேட்டது. 1949இல் ஓமந்தூரார் அரசு பாரதி படைப்புகளைப் பொதுவாக்க முன்வந்தபோது, மெய்யப்பன் தன் உரிமையைப் பணம் வாங்காமலே விட்டுக்கொடுத்தார். அரசு மிரட்டிப் பறித்திருந்தால் அது வேறு கதை. உடையவர் கொடுத்ததால் அந்தப் பாடல்கள் எல்லோருக்கும் உரியவையாயின.

இன்றைய தயாரிப்பாளரிடம் யாரும் அவ்வளவு பெரிய கொடையைக் கேட்கவில்லை. தியேட்டரில் ஒரு வாரம் ஓடி, ஓ.டி.டி. நிறுவனங்கள் வேண்டாம் என்று திருப்பியனுப்பிய சின்னப் படங்கள் கோடம்பாக்கத்து ஹார்ட் டிஸ்குகளில் கிடக்கின்றன. அவற்றை ஒரு சாதாரண எம்.பி.4 கோப்பாக, தியேட்டர் டிக்கெட் விலைக்கு, வாங்குகிறவர் பெயரை ஓரத்தில் பொறித்து விற்கலாம். வீட்டில் இருப்பவர்களோடு பார்க்கலாம், ஊருக்கு அனுப்பக்கூடாது என்று ஒரு வரி எழுதினால் போதும். அப்படி விற்கும் முதல் தயாரிப்பாளருக்கு வாடிக்கையாளர்களாக, பூட்டை உடைக்கத் தெரிந்தும் டிக்கெட் எடுத்துப் படம் பார்க்கிற ஆயிரக்கணக்கான கணினிப் பொறியாளர்கள் ஈக்காட்டுத்தாங்கலிலும் கிண்டியிலும் இருக்கிறார்கள்.