சினம் செல்லும் இடம்

உயிருக்கு உயிரானவர் நோயில் கிடக்கும்போது வரும் ஆத்திரத்தை எவ்வளவு தூரம் மன்னிக்கலாம்? 2024 நவம்பரில் சென்னை கிண்டி அரசு மருத்துவமனையில் புற்றுநோய் மருத்துவர் ஒருவர் பணியில் இருந்தபோதே கத்தியால் குத்தப்பட்டார். தாய்க்குச் சரியான சிகிச்சை தரவில்லை என்று மகன் கொண்ட கோபமே காரணம் எனச் செய்தி வந்ததும், ‘பெற்ற தாய் அல்லவா’ என்று இரங்கியவர்களும் உண்டு. அந்த இரக்கம் எனக்கும் புரிகிறது. ஆனால் அதைக் கொண்டு குற்றத்தைக் குறைத்துப் பார்க்க முடியாது. துக்கம் அறிவை மறைக்கும் என்பது மெய்தான். மருத்துவமனைக் கோபமோ முழுக்கக் கண்மூடிப் பாய்வதில்லை. ஆளெடுக்காத துறையும் படுக்கையைக் கூட்டாத நிர்வாகமும் அதன் கைக்கு எட்டுவதில்லை. நள்ளிரவில் ஐசியு கதவைப் பாதி திறந்து, கேஸ் ஷீட்டும் கையுமாக ‘இவங்க அட்டெண்டர் யாரு?’ என்று கேட்கும் ஹவுஸ் சர்ஜன் எட்டுகிறார். உள்ளே டிரிப்ஸ் மாற்றிக்கொண்டிருக்கும் செவிலியர் எட்டுகிறார். தன் சினம் பலிக்கும் இடத்தில் அதை அடக்குபவனே உண்மையில் சினம் காப்பவன் என்றுதான் வள்ளுவர் வெகுளாமை அதிகாரத்தைத் தொடங்குகிறார். எளியவரைப் பார்த்து இறங்கும் கோபத்துக்குத் துக்கத்தின் பெயரால் விலக்குக் கேட்பது அறமாகாது.

ஆகவே, மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவோருக்கு 3 முதல் 10 ஆண்டு வரை சிறை விதிக்கும் தமிழ்நாட்டின் 2008-ஆம் ஆண்டுச் சட்டம் நியாயமானதே. அலட்சியமான மருத்துவருக்கு அது கவசமாகிவிடாதா என்று கேட்கலாம். ஆகாது, அடிக்கத்தான் அது தடை, வழக்குப் போட அல்ல. கட்டணம் வாங்கும் மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே தீர்ப்பளித்துவிட்டது. ஆனால் எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனைகள் அந்தத் தீர்ப்பிலேயே விலக்கப்பட்டன. என்னை உறுத்துவது இதுதான். அங்கே வருபவருக்கு உரிமையியல் நீதிமன்றமும் மருத்துவ கவுன்சிலும் திறந்திருக்கின்றன. ஆனால் தினக்கூலியை விட்டுவிட்டு எத்தனை முறை அவர் அந்தப் படிகளை ஏறுவார்? கோபம் போய்ச்சேர வேண்டிய இடத்துக்கு வழியை அடைத்துவிட்டு, போகக்கூடாத இடத்துக்குப் போனதென்று தண்டிப்பது அரைநீதி. தண்டனை மட்டும் போதாது: கிண்டியில் கத்தி பாய்ந்தபோது அந்த 2008 சட்டத்துக்கு வயது 16.

முறையிட வழி தந்தால் வன்முறைக்குப் பணிந்ததாகிவிடும் என்பார்கள். அடித்தவனுக்குத் தண்டனை குறையாதபோது அதில் பணிவு எங்கே வந்தது? மோசமான செய்தியை மூத்த மருத்துவரே உறவினரிடம் உட்கார்ந்து சொல்ல வேண்டும். எழுதிக் கொடுத்த புகாருக்குக் குறித்த நாளுக்குள் பதில் வர வேண்டும். இரவுப் பணியில் எவரையும் தனியே நிறுத்தக் கூடாது. இவற்றைச் செய்யத் தவறும் நிர்வாகத்தையும் அதே சட்டம் கூண்டில் ஏற்ற வேண்டும்.