முருகைக்கல்லும் குடலும்

நெடுந்தீவின் கல்வேலிகளை அழகற்றவை என்று எவரும் கூறார். சாந்தின்றி அடுக்கிய முருகைக்கற்கள். கல்லுக்குக் கல் பூவேலை. அப்பூவேலையைச் செய்த உயிர் எது? ஒரு வயிறு, ஒரு வாய், வாயைச் சுற்றிச் சில உணர்கொம்புகள்: அதன் உடல் அவ்வளவே. விஞ்ஞானிகள் அதனைப் பொலிப் என்பர். மனிதப் பெருங்குடலின் உட்சுவரில் முளைக்கும் சதை வளர்ச்சிக்கும் அதே பெயர்தான்.

கடல்வாழ் வயிற்றின் கைவேலையைக் கொண்டாடும் நாம், நமது வயிற்றின் படத்தைக் கண்டால் முகஞ்சுளிக்கிறோம். சற்றுப் பொறுமையுடன் நோக்குவோமாயின், நுணுக்குக்காட்டியின் கீழ்ச் சிறுகுடலின் சடைமுளைகள் கடலடிப் பாசிபோற் செறிந்து நிற்பதைக் காணலாம். கமராக் குழாய் குறுக்குக் குடலை அடையும்போது, முக்கோண மடிப்புகள் கோயிற் பிரகாரத்து வளைவுகளென ஒன்றன்பின் ஒன்றாக நீள்கின்றன. இதனை அழகன்று என்பது அருவருப்பின் தீர்ப்பேயன்றிக் கண்ணின் தீர்ப்பன்று.

ஆயினும், இவ்வழகு யாருடைய உடலிலிருந்து எடுக்கப்பட்டது? அழகு அழகுக்காகவே என்போர் இக்கேள்வியைக் கேட்பதில்லை. 1858இல் லண்டனில் வெளியான கிரேயின் உடற்கூற்று நூலுக்குக் கார்ட்டர் வரைந்த படங்கள் இன்றும் கலையாகப் போற்றப்படுகின்றன. அக்காலத்து இங்கிலாந்தில், 1832ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அறுவைக்கூடங்களை அடைந்தவை பெரும்பாலும் ஏழை விடுதிகளிலும் மருத்துவமனைகளிலும் இறந்து, உரிமை கோர ஆளின்றிக் கிடந்தோரின் உடல்கள். படத்தில் உறுப்புகளுக்கெல்லாம் பெயருண்டு, உடலுக்குரியவனுக்குப் பெயரில்லை.

அந்நூலையே மானிப்பாயில் வைத்தியர் கிறீன், மாணவர் துணையோடு தமிழாக்கி, 'மனுஷ அங்காதிபாதம்' என 1872இல் வெளியிட்டார். அவருடைய மதநோக்கம் வேறு விடயம். நம் குடலைப் பற்றி நம் மொழியிலேயே நமக்குச் சொல்லலாம் என்று காட்டியது சிறிய காரியமன்று.

இன்று நெடுந்தீவு முதியவர் ஒருவர் யாழ்ப்பாணத்திற் பெருங்குடற் சோதனைக்கு வருவதாயின், முதல்நாளே பேதி மருந்து குடித்துக் குடலை வெறுமையாக்க வேண்டும். அந்நிலையிலா குறிகட்டுவான் வரை ஒரு மணி நேரக் கடற்பயணம்? அப்பால் புங்குடுதீவு, வேலணை, பண்ணை என்று பஸ். பட்டினத்தில் உறவினர் வீடு உள்ளவர் தப்பினார். கடல் கொந்தளித்தால் படகும் ஓடாது. புற்றாக மாறக்கூடிய பொலிப்பைக் காலத்திற் கண்டால், அதே குழாய் வழியே கம்பிச் சுருக்கிட்டு அகற்றிவிடலாம். வந்து சேராதவரின் குடலில் அது வளர்ந்துகொண்டிருக்கும்.

வந்து சேர்ந்தவரோ இடப்பக்கமாகச் சரிந்து, சுவரைப் பார்த்துக் கிடக்கிறார். திரை வைத்தியரின் பக்கம். அதனைக் காண முதலுரிமை உடையவர் கிடப்பவரே. சோதனை முடிந்த பின்னராவது அப்படத்தை அவருக்குக் காட்டி, தமிழில் நாலு வார்த்தை சொன்னாலென்ன? முருகைக்கல் வேலிக்குள் வளர்ந்த அம்மனிதர், அது என்ன சாயல் என்று நமக்கே சொல்லிவிடக்கூடும்.