பொனட்டுக்குள் ஒரு பொய்யா?

பன்வில ஏற்றத்தில் என் மொரிஸ் மைனர் இப்போது மூச்சு வாங்குவதில்லை. 1962இல் மைனருக்கு வந்த 1098 சீசீ எஞ்சினைக் கழற்றிவிட்டு, அதே ஏ-சீரிஸ் குடும்பத்து 1275ஐ இறக்கினேன். பழைய நிறம் பூசி, பழைய ஏர் கிளீனரையும் மாட்டியபின் வத்தேகம பாஸ்மாருக்கே வித்தியாசம் தெரியவில்லை.

இது அதே கார்தானா? மிலிந்த மன்னனின் தேரை வைத்து நாகசேன தேரர் விளக்கினார்: சக்கரமும் தேரல்ல, அச்சும் தேரல்ல, எல்லாம் சேர்ந்திருப்பதற்கு நாம் இட்ட பெயரே தேர். அப்படியானால் மைனர் என்ற பெயரும் நிற்கும்.

ஆனால் பெயர் நிற்பது வேறு, நேர்மை வேறு. புதிய எஞ்சின் இலக்கத்தைப் பதிவுப் புத்தகத்தில் ஏற்றினேன். கூடிய வேகத்துக்கேற்ப முன் பிரேக்கை டிஸ்க்காக்கினேன். பலத்தைக் காட்டாதிருப்பது அடக்கம். வாங்க வருபவர் கேட்டும் சொல்லாதிருந்தால்தான் அது பொய்.