நித்திய கர்மமும் நீர்க்கசிவும்

செய்தால் இன்ன பலன் கிட்டும் என்று எதையும் வாக்களிக்காமல், செய்யாமல் விட்டால் மட்டும் தோஷம் வந்து சேரும் என்று சாஸ்திரம் எச்சரிக்கின்ற கர்மம் ஒன்று உண்டு; அதற்கு நித்திய கர்மம் என்று பெயர். மழை வேண்டியும் புத்திரப்பேறு வேண்டியும் செய்கின்ற காம்ய கர்மங்களுக்குப் பலன் முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்கிறது. கிரகணம், பிறப்பு, இறப்பு முதலிய நிமித்தங்கள் நேரும்போது செய்கின்ற நைமித்திக கர்மங்களுக்கு அந்தச் சந்தர்ப்பமே தூண்டுதலாக நிற்கிறது. ஆனால் சந்தியாவந்தனத்தைப் போல நாள்தோறும் செய்தே தீர வேண்டிய கர்மத்துக்கு, முன்னின்று இழுக்கும் ஆசையும் இல்லை, பின்னின்று தள்ளும் சம்பவமும் இல்லை. பலன் இல்லாத ஒரு காரியத்தை அறிவுள்ளவன் எதற்காகச் செய்ய வேண்டும் என்ற கேள்வியை மீமாம்சகர்களும் வேதாந்திகளும் பல நூற்றாண்டுக் காலம் ஆராய்ந்து வாதிட்டிருக்கிறார்கள். அது வைதிகச் சடங்குகளோடு முடிந்துபோன ஒரு நுட்ப விவகாரம் என்றே இன்று பலரும் கருதுகின்றனர். எனக்கோ, கோடைகாலத்தில் ஏசி ஓடுகின்ற எந்தச் சாதாரண வீட்டிலும் அந்த விவாதத்தின் இரு கட்சிகளையும் பிரத்தியட்சமாகக் கண்டு ஆராய முடியும் என்று தோன்றுகிறது.

ஏசியிலிருந்து தண்ணீர் ஒழுகுகிறது என்று பதறிப்போய் மெக்கானிக்கை அழைக்கின்றவர்களில் பலர், தண்ணீர் உண்டாவதையே யந்திரத்தின் கோளாறாக நினைத்துக்கொள்கிறார்கள். 1902-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்துப் புரூக்ளின் பகுதியிலிருந்த ஓர் அச்சகத்துக்காக வில்லிஸ் கேரியர் என்னும் இளம் இன்ஜினியர் இந்தச் சாதனத்தின் ஆதி வடிவத்தை வகுத்தபோது, அவர் முன் வைக்கப்பட்ட பிரச்சினை மனிதர்களின் புழுக்கமன்று. காற்றின் ஈரம் ஏறியும் இறங்கியும் வந்ததனால் காகிதம் விரிந்து சுருங்கி, ஒரே தாளின்மேல் ஒன்றன்பின் ஒன்றாக அச்சேறிய வர்ணங்கள் இடம் பிசகி விழுந்தன என்பதே அந்த அச்சகத்தாரின் குறை. ஆகவே காற்றிலிருந்து ஈரத்தைப் பிரித்தெடுப்பது இந்த யந்திரத்துக்குப் பிறவியிலேயே அமைந்த ஸ்வதர்மம் என்று சொல்ல வேண்டும். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். 10 டிகிரிக்குக் குளிர்ந்த காற்றோ 9 கிராமுக்குச் சற்றுக் கூடுதலாக மட்டுமே தாங்கும். மிஞ்சியது நீராகித்தான் ஆக வேண்டும். சென்னையைப் போன்ற கடற்கரை நகரத்தில், வைகாசி மாதத்துப் புழுக்கமான இரவில், ஒன்றரை டன் ஏசி ஒன்று ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டருக்கு மேலும் தண்ணீரைப் பிரித்துவிடக் கூடும். அந்தத் தண்ணீர் எங்கிருந்தோ வந்ததன்று. கதவிடுக்கில் நுழைந்த கடற்காற்றிலும், உலரப் போட்ட துணியிலும், உறங்குகின்றவர்களின் மூச்சிலும் அது கண்ணுக்குப் புலப்படாமல் அந்த அறையிலேயே இருந்தது. யந்திரத்துக்குள் இருக்கும் குளிர்ந்த காயிலின்மேல் படிந்தபோது புலப்பட்டது, அவ்வளவே.

இப்படித் திரண்ட நீர் காயிலின் மெல்லிய அலுமினியத் தகடுகளின் வழியே இறங்கி, கீழேயுள்ள டிரேயில் விழுந்து, டிரெயின் பைப்பின் வழியாகச் சுவருக்கு அப்பால் போய்ச் சேர வேண்டும். சுவரில் மாட்டுகின்ற சாதாரண ஸ்பிளிட் ஏசியில் இதை வெளியேற்றத் தனியாக ஒரு மோட்டார் கிடையாது. பூமியின் ஈர்ப்பு ஒன்றே அதை இழுத்துச் செல்வதால், வழியும் வாட்டமும் சரியாக இருக்கும்வரையில் யாருக்கும் தெரியாமல் அது போய்க்கொண்டிருக்கிறது. வழி அடைபட்டால் டிரே நிரம்பி, முன்புறமாகப் பொங்கிச் சுவரில் வழிகிறது.

அடைபட்ட பைப்பை மெக்கானிக் கழற்றி ஊதும்போது வெளியே வந்து விழுவதை அருகில் நின்று பார்க்க வேண்டும். முதலில் கலங்கிய நீர் கொஞ்சம் வரும். பிறகு ஒரு தடங்கல். அதன்பின், ஆறிப்போன ஜவ்வரிசிக் கஞ்சிபோலச் சாம்பல் நிறத்தில் வழுவழுப்பாக, விரலில் பிடித்தால் நழுவுகின்ற ஒரு கட்டி வந்து விழும். நம் உடைகளின் நுண்ணிய இழை, தோலிலிருந்து உதிர்ந்த பொடி, தெருப் புழுதி, பூஜை அறையில் ஏற்றிய ஊதுவத்தியின் கரி, தாளிக்கும்போது எழுந்து பரவிய எண்ணெய்ப் பிசுக்கு ஆகியவற்றில் ஃபில்டரைத் தாண்டி உள்ளே நுழைந்த பகுதி, ஈரமான காயிலில் ஒட்டிக்கொண்டு, நீரோடு இறங்கி, இருட்டும் ஈரமும் நிறைந்த அந்தக் குழாயில் தங்கிவிட, அதையே உணவாகக் கொண்டு கிருமிகளும் பூஞ்சையும் பெருகியதன் விளைவு அது. பகைவர் எவரும் கொண்டுவந்து போட்டதன்று. அந்த வீட்டார் உண்டு உடுத்து உறங்கி, தெய்வத்தைத் தொழுது வாழ்ந்ததன் மிச்சமே அப்படித் திரண்டிருக்கிறது. அவர்கள் தவறான காரியம் எதையும் செய்துவிடவில்லை.

அப்படியானால் ஒழுகியதற்குக் காரணம் எது? சர்வீஸ் செய்யாமல் விட்டதுதான் காரணம் என்று மெக்கானிக் சொல்வார். இங்கேதான் சாஸ்திர விசாரம் தொடங்குகிறது. செய்யாமல் விட்டது என்பது ஒரு வஸ்துவன்று, ஒரு செயலுமன்று. அது வெறும் இன்மை. இன்மையிலிருந்து ஒரு விளைவு எவ்வாறு தோன்றும்? நித்திய கர்மத்தைச் செய்யாமையே பிரத்தியவாயம் என்ற தோஷத்தை உண்டாக்குகிறது என்று வாதித்தவர்களை, ஆதி சங்கரர் கீதையின் நான்காம் அத்தியாயத்து பாஷ்யத்தில் இந்தக் கேள்வியைக் கொண்டே மறுக்கிறார். இல்லாத ஒன்று உள்ள ஒன்றைப் பிறப்பிக்கும் என்று ஒப்புக்கொண்டால், காரண காரிய நியதியே குலைந்துபோகும் என்பது அவருடைய ஆட்சேபம். தைத்திரீய உபநிஷதத்தின் பாஷ்யத்தில் அவர் இன்னும் ஒரு படி மேலே சென்று, விதித்த கர்மத்தை ஒருவன் செய்யாமலிருப்பது, அவனிடம் முன்னமே சேர்ந்து கிடக்கும் துரிதம் என்னும் பாபத்தைக் காட்டுகின்ற அடையாளமே தவிர அந்தத் துரிதத்தைப் புதிதாகப் படைக்கின்ற காரணமன்று என்று தெளிவுபடுத்துகிறார்.

அந்தக் குழாயை வைத்துப் பார்க்கும்போது, ஆசாரியரின் வாக்கு எனக்கு முற்றிலும் சரியாகப் படுகிறது. மாதக்கணக்கில் ஃபில்டரை அலசாமல் விட்ட காலத்தில், அந்த அலசாமை ஒரு துகள் தூசியைக்கூட உற்பத்தி செய்யவில்லை. தூசி தன் காரணங்களால் வந்தது. ஈரம் தன் காரணங்களால் வந்தது. இரண்டும் நாம் அலசினாலும் அலசாவிட்டாலும் வந்துகொண்டேதான் இருந்தன. அலசுதல் என்பது வந்ததை அவ்வப்போது அகற்றுவது. அது நின்றதும், ஏற்கெனவே வந்துகொண்டிருந்தது வெளியே தெரிந்தது. ஆயினும் இந்தத் தத்துவத்தைப் பற்றிக்கொண்டு, என்மேல் குற்றமில்லை என்று வீட்டுக்காரர் விலகிக்கொள்ள முடியும் என்று நான் நினைக்கவில்லை. தூசிக்கு அறிவில்லை, நீருக்கு அறிவில்லை, யந்திரத்துக்கும் அறிவில்லை. அந்த வரிசையில், இப்படிச் சேரும் என்பதை அறியக்கூடியவர் அவர் ஒருவரே. அறிவு எங்கே இருக்கிறதோ அங்கேதான் கடமையும் போய் நிற்கும். விளைவைப் படைத்தவர் அவரல்லர் என்றாலும், தடுத்திருக்கக் கூடியவர் அவர் ஒருவர்தாம் என்பதை எந்தத் தர்க்கமும் மாற்றிவிடாது.

இனி, ஒழுகத் தொடங்கிய பின்பு செய்வதெல்லாம் பிராயச்சித்தத்தின் பாற்படும். பிராயச்சித்தத்தை ஸ்மிருதிகள் இழிவாகப் பேசவில்லை. ஆனால் பாபத்தின் மூலத்தை விட்டுவிட்டுச் சடங்கை மட்டும் திரும்பத் திரும்பச் செய்வதை அவை ஒருபோதும் பிராயச்சித்தமாக ஏற்றுக்கொள்ளவில்லை. நம் வீடுகளில் நடப்பதோ பெரும்பாலும் அதுதான். இன்டோர் யூனிட்டின் காயிலில் ஐஸ் கட்டிப் பிறகு உருகி வழிவது ஒருவகை ஒழுக்கு; ஃபில்டரில் தூசி அடைந்து காற்றோட்டம் குறைந்தாலும் அது நேரும், கேஸ் குறைந்தாலும் நேரும். கேஸ் குறைந்திருக்கிறது என்று மெக்கானிக் சொன்னவுடன், போட்டுவிடுங்கள் என்று சொல்லிப் பணத்தைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறோம். கேஸ் என்பது பெட்ரோலைப் போல எரிந்து தீருகின்ற பொருளன்று. மூடிய செப்புக் குழாய்களுக்குள் அது சுற்றிச் சுற்றி வருகிறது. யந்திரத்தின் ஆயுள் முழுவதும் குறையாமல் இருக்க வேண்டியது. குறைந்திருக்கிறதென்றால் எங்கோ ஓர் இணைப்பில் கண்ணுக்குத் தெரியாத கசிவு இருக்கிறது என்பதே பொருள். சோப்பு நுரையைத் தடவி அந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடித்து, பற்றவைத்து அடைத்து, உள்ளேயிருக்கும் காற்றையும் ஈரத்தையும் வாக்குவம் போட்டு உறிஞ்சி எடுத்த பிறகு, கம்பெனி குறித்துள்ள எடையளவுக்குக் கேஸ் நிரப்புவதுதான் முறையான பரிகாரம். அதைச் செய்யாமல் சித்திரைக்குச் சித்திரை கேஸ் மட்டும் போட்டுக்கொண்டிருப்பது, இனிச் செய்யேன் என்ற சங்கற்பமில்லாமல் ஒரே பாபத்துக்கு வருஷந்தோறும் தானம் கொடுப்பதற்கு ஒப்பாகும். கசிகின்ற அந்த வாயு ஆகாயத்தைச் சூடாக்குகின்ற கேட்டையும் உடன் செய்கிறது என்பதை நினைக்கும்போது என் மனம் உண்மையாகவே வருந்துகிறது.

மாட்டும்போதே நேர்ந்துவிட்ட குறைகளும் உண்டு. யூனிட் எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருக்கலாம். பைப் வழியில் ஓரிடத்தில் மேடேறி இறங்கலாம். அதன் நுனி பக்கெட் நீரில் மூழ்கிக் காற்றடைப்பு உண்டாகலாம். செப்புக் குழாயைச் சுற்றிய ஃபோம் கிழிந்து, குழாயின் வெளிப்புறமே வியர்த்துச் சொட்டலாம். இவற்றையெல்லாம் ஒருமுறை திருத்திவிட்டால் போதும். இங்கே எடுத்துக்கொண்ட கேள்விக்கும் இவற்றுக்கும் அதிக சம்பந்தமில்லை.

ஒருமுறை செய்து முடித்துவிட முடியாத காரியங்களைப் பற்றியதே அந்தக் கேள்வி. இதை நினைக்கும்போது திருநாவுக்கரசரின் திருவுருவம் என் முன் வருகிறது. அறுபத்துமூவர் எழுந்தருளியிருக்கும் எந்தச் சிவாலயத்திலும் அவரை அடையாளம் கண்டுகொள்வது எளிது; ஏழாம் நூற்றாண்டில் தேவாரம் பாடிய அந்த மகான், ஏட்டையோ தாளத்தையோ ஏந்தாமல், புல் செதுக்குகின்ற உழவாரப் படையை ஏந்தி நிற்கிறார். கோயிற் பிராகாரத்தில் அவர் செதுக்கிய புல் அடுத்த மழைக்கு மீண்டும் முளைத்திருக்கும் என்பதில் சந்தேகமில்லை. முளைக்கும் என்பது அவருக்கும் தெரியும். அவருடைய தமக்கையார் திலகவதியார், தம்பி சமண சமயத்தில் இருந்த காலமெல்லாம், திருவதிகை வீரட்டானத்தில் அலகிடுதலும் மெழுகுதலுமாகத் தொண்டு செய்துகொண்டிருந்தார் என்று பெரிய புராணம் சொல்கிறது. மெழுகிய தரை மறுநாள் மெழுகாத தரையாகிவிடும். அந்தத் தொண்டைச் சேக்கிழார் தம்முடைய காவியத்தில் ஓர் இடம் கொடுத்துப் பாடினாரே, அதை எண்ணும்போதெல்லாம் எனக்கு நன்றியுணர்வு பெருகுகிறது. ஏனென்றால் நம் இல்லங்களில் இத்தகைய வேலையைச் செய்கின்றவர்களை நாம் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. ஒழுகுகின்ற ஏசியைச் சரிசெய்தவருக்குக் கூலியும் காப்பியும் பாராட்டும் கிடைக்கின்றன. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மெயின் ஸ்விட்சை அணைத்து, ஸ்டூல்மேல் ஏறி, ஃபில்டரைக் கழற்றிக் குழாயடியில் அலசி, நிழலில் உலர்த்தி மாட்டி, அதனால் அந்த ஏசி ஒழுகாமலேயே இருக்கும்படி பார்த்துக்கொண்ட இல்லத்தரசிக்கு, ஒழுகவில்லையே என்று எவரும் நன்றி சொன்னதில்லை. நேராமல் போன ஒன்றுக்கு யார்தான் சாட்சி சொல்வார்கள்?

நித்திய கர்மத்துக்குப் பலன் உண்டா என்ற கேள்விக்கு மீமாம்சகர்களே இரு வகையாக விடை கூறினார்கள். சேர்ந்துவிட்ட துரிதம் அதனால் க்ஷயிக்கிறது. ஆகையால் பலன் உண்டு என்றனர் குமாரில பட்டரைப் பின்பற்றியவர்கள். பலனை ஏன் தேடுகிறாய், விதித்திருக்கிறது என்பதே செய்வதற்குப் போதுமான காரணம் என்றனர் பிரபாகரரின் வழியினர். அலசிய ஃபில்டரிலிருந்து வாளியில் இறங்குகின்ற கறுத்த நீரைப் பார்த்தால் குமாரிலரின் கட்சியே வெற்றி பெற்றதாகத் தோன்றும். நெடுங்காலம் நானும் அதையே சரியென்று கருதினேன். இன்று என் மனம் பிரபாகரரின் பக்கம் சாய்கிறது.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டதும் சென்னை வீடுகளில் ஏசியை நிறுத்திவிடுகிறார்கள். பங்குனி வரையில் அதைப் பற்றிய நினைவே ஒருவருக்கும் இருப்பதில்லை. அந்த மாதங்களில் ஒரு சொட்டு நீரும் இறங்காததால், பைப்பில் மிஞ்சியிருந்த வழுவழுப்பான கழிவு காய்ந்து, உட்சுவரில் ஓடாகப் பற்றிக்கொள்கிறது. பங்குனியில் மறுபடி ஓடவிட்ட சில நாட்களுக்குள் நீர் இறங்க இடமின்றித் தேங்கி வழிவதற்கு இதுவும் ஒரு காரணம். பலனைக் கருதி அலசுகின்றவர், பலன் தேவைப்படாத காலத்தில் அலசுவதை நிறுத்திவிடுகிறார். அது அவருடைய தர்க்கத்துக்குப் பொருத்தமானதுதான். கடமை என்று கருதி அலசுகின்றவருக்கோ ஐப்பசிக்கும் சித்திரைக்கும் வேற்றுமை கிடையாது. ஏசியை நிறுத்துகின்ற அன்றே காயிலையும் டிரேயையும் மெக்கானிக்கைக் கொண்டு கழுவச் செய்து, டிரேயில் ஒரு செம்புத் தண்ணீரை மெல்ல ஊற்றி, ஊற்றிய அளவு தடையின்றி வெளியே விழுகிறதா என்று பைப்பின் நுனியைப் போய்ப் பார்க்கிறார். தயங்கித் தயங்கி விழுந்தால், அலுமினியத்தை அரித்துவிடும் ஆசிட்டைத் தொடாமல், பைப்பைக் கழற்றி ஊதி அடைப்பை நீக்கச் சொல்கிறார். பங்குனியில் ஏசியைப் போடுவதற்கு முன் அதே சோதனையை இன்னொரு முறை செய்கிறார்.