சமரசத்துக்கும் ஒரு தவணை

மணவிலக்கு என்ற பேச்சு எடுத்தாலே, பிரிக்பீல்ட்ஸானாலும் கிள்ளானானாலும், பெரியவர்கள் சொல்வது ஒன்றுதான்: “கொஞ்சம் பொறுத்துப் போம்மா.” சமரசம் தர்மம்தான், நான் மறுக்கவில்லை. 1982 மார்ச் 1 முதல் அமலில் இருக்கும், முஸ்லிம் அல்லாதோருக்கான திருமண, மணவிலக்குச் சட்டமும் அதைக் கேட்கிறது. இருவரும் சம்மதித்தால், திருமணமாகி 2 ஆண்டுக்குப் பின் கூட்டாக மனு செய்யலாம். ஒருவர் மட்டும் கேட்டால், பொதுவாக முதலில் தேசியப் பதிவு இலாகாவின் சமரசக் குழுவுக்குப் போகணும். ஆனால் அந்தக் குழுவுக்குச் சட்டம் தரும் தவணை 6 மாதம்தான். நம்ம பெரியவங்க தரும் தவணைக்கு முடிவே இல்லை!

அடி வாங்கிய பெண்ணை, “பிள்ளைங்களுக்காக” என்று திருப்பி அனுப்புவது எந்த தர்மம்? அந்தப் பிள்ளைங்களும்தானே பார்த்துக்கிட்டு இருக்காங்க. அவளோடு நாம் முதலில் போக வேண்டிய இடம் போலீஸ் நிலையம். அடுத்து, இடைக்காலப் பாதுகாப்பு ஆணை. வக்கீலுக்குப் பணமில்லை என்றால் சட்ட உதவி இலாகா இருக்கிறது.